சம்சூனிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள்: உதுமானியர் சரிவிலிருந்து துருக்கி விடுதலை வரை

துருக்கி விடுதலையைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் பெரும்பாலும் ஒரே தேதியில்தான் ஆரம்பிக்கும். 1919 மே 19. பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் கருங்கடல் கரையில் உள்ள சம்சூன் துறைமுகத்தில் வந்து இறங்கிய நாள். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் அழுகிப்போன பழைய பேரரசு, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் புதிய தேசம் என்று கதை சுத்தமாக இரண்டாகப் பிளந்துவிடும். நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் வரும் 'ஆட்டோமன் பேரரசு', 'கமால் பாட்சா' என்ற இரண்டு தனித்தனிப் பத்திகளும் இப்படிப் பிளந்தவைதான்.

இந்தத் தொடக்கத்தை அமைத்துக்கொடுத்தவர் கெமாலேதான். 1927 அக்டோபரில் தன் கட்சி மாநாட்டில் ஆறு நாட்களில் 36 மணி நேரத்துக்கு மேல் அவர் வாசித்த உரை, நுதுக் என்று துருக்கியர்கள் சொல்வது, சம்சூனில் இறங்கிய வரியோடுதான் ஆரம்பிக்கிறது. அந்த உரை வாசிக்கப்பட்டபோது நாட்டின் நிலைமை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவரோடு தோளோடு தோள் நின்று போராடிய காஸிம் கராபெகிர், அலி புவாட், ரவூப், ரெபெட் ஆகியோர் 1924 நவம்பரில் ஆரம்பித்த எதிர்க்கட்சி அடுத்த ஆண்டு ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது. 1926ல் கெமாலைக் கொல்ல நடந்த சதி வழக்கில் கராபெகிர் கைதாகி விசாரிக்கப்பட்டு விடுதலையானார். அவர் தன் தரப்பை எழுதி 1933ல் அச்சுக்குக் கொடுத்தபோது அந்தப் பிரதிகளைப் பிடித்து எரித்துவிட்டார்கள். ஆக, நமக்குப் பழகிப்போன கதை வென்றவர் ஒருவர் சொன்ன கதை. அதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது எங்கே ஆரம்பிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேரரசின் கடன், பேரரசின் அகதிகள், பேரரசின் அதிகாரிகள், இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு படித்தால் 1923ல் பிறந்த குடியரசு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

முதலில் 'சரிவு' பற்றி. 1853ல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் பிரிட்டிஷ் தூதரிடம் உதுமானியப் பேரரசை நோயாளி என்று வர்ணித்த பேச்சு பிரபலம். அதைச் சொன்னவர் அந்த நோயாளியின் சொத்தைப் பங்கு போடக் காத்திருந்தவர் என்பதை மறந்துவிட்டு நாமும் அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இராணுவத் தோல்விகள் உண்மைதான்: 1683ல் வியன்னா முற்றுகை தோற்றது, 1699ல் ஹங்கேரி கைவிட்டுப் போனது, 1774க்குப் பிறகு கிரிமியா கையைவிட்டு நழுவி 1783ல் ரஷ்யாவோடு சேர்ந்தது. ஆனால் அதே அரசு 1826ல் சுல்தானின் நிரந்தரக் காலாட்படையாக இருந்த பழைய ஜானிஸரிப் படையை ஒரே நாளில் ஒழித்துக்கட்டிப் புதிய படை அமைத்தது, 1839ல் குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம் தரும் அரசாணையை வாசித்தது, 1856ல் மத வேறுபாடு இல்லாத சமத்துவத்தை அறிவித்தது, பள்ளிகள், நீதிமன்றங்கள், தந்தி, ரயில் என்று அடுத்தடுத்துக் கட்டியது. சும்மா படுத்துக் கிடந்த அரசு இத்தனை செய்யாது. இன்றைய வரலாற்றாய்வாளர்கள் பலரும் முந்நூறு ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தது என்ற பழைய வாய்பாட்டை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் எங்கே இடித்தது? என்னைக் கேட்டால் பணத்தில்.

1838ல் பிரிட்டனோடு போட்ட வணிக உடன்படிக்கை பேரரசின் கையில் இருந்த ஏகபோகங்களை ஒழித்தது, இறக்குமதிக்கு மொத்தமே 5 சதவீத வரி என்று கட்டிப்போட்டது, உள்நாட்டுச் சரக்கை ஏற்றுமதி செய்தாலோ 12 சதவீதம். ஏற்கெனவே 'காபிட்டுலேஷன்' என்ற பழைய சலுகைகளின்படி ஐரோப்பியக் குடிமக்களை உதுமானிய நீதிமன்றம் தொட முடியாது, பல வரிகளும் அவர்களுக்குக் கிடையாது. சொந்தத் தொழிலைக் காப்பாற்ற சுங்க வரியை ஏற்றும் உரிமைகூட ஒரு பேரரசுக்கு இல்லை என்றால் அது எப்படிச் சீர்திருத்தத்துக்குச் செலவு செய்யும்? கடன்தான் வாங்கியது. கிரிமியப் போருக்காக 1854ல் முதல் வெளிநாட்டுக் கடன். அதன் பிறகு பழைய கடனை அடைக்கப் புதுக் கடன், படைக்கு, கப்பலுக்கு, போஸ்பரஸ் கரையில் டோல்மாபாச்சே போன்ற அரண்மனைகளுக்கு என்று இருபதே ஆண்டுகளில் சுமை 20 கோடி பவுண்டு அளவுக்கு ஏறி, அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய், 1875ல் திவால்.

1881ல் ஐரோப்பியக் கடன்காரர்களின் பிரதிநிதிகள் அடங்கிய 'பொதுக் கடன் நிர்வாகம்' இஸ்தான்புல்லில் உட்கார்ந்தது. உப்பு, புகையிலை, மதுபானம், முத்திரைத்தாள், மீன்பிடி, பட்டு ஆகியவற்றின் வருமானத்தை அதுவே நேரடியாக வசூலிக்கும். அதன் ஊழியர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் நாட்டின் நிதி அமைச்சகத்தையே மிஞ்சியது. புகையிலைக்கு மட்டும் 1883ல் பிரெஞ்சு முதலீட்டில் தனி நிறுவனம், அதற்குத் துப்பாக்கி ஏந்திய சொந்தக் காவலர்கள், திருட்டுத்தனமாகப் புகையிலை விற்ற விவசாயிகளுக்கும் அவர்களுக்கும் நடந்த மோதல்களில் ஏராளமான உயிர்ச்சேதம். ஒரு கிராமத்தான் தன் வயலில் விளைந்ததை விற்க முடியாமல் அந்நியக் கம்பெனிக் காவலனிடம் அடிபடுகிறான் என்றால் அவனுக்கு ஏகாதிபத்தியத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பின்னால் 1922-23ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த சமாதானப் பேச்சு மேசையில் துருக்கியர்கள் ஏன் எல்லைக்கோட்டுக்குச் சமமாகப் பொருளாதார இறையாண்மைக்குப் பிடிவாதம் பிடித்தார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அந்த நிர்வாகத்தின் பிரம்மாண்டமான கட்டடம் இன்றும் இருக்கிறது, இப்போது அது இஸ்தான்புல் மேல்நிலைப் பள்ளி.

1876ல் வந்த முதல் அரசியலமைப்பையும் நாடாளுமன்றத்தையும் இரண்டாம் அப்துல் ஹமீது 1878ல் முடக்கி, அடுத்த முப்பது ஆண்டுகள் தனியாட்சி நடத்தினார். அவரைக் கொடுங்கோலன் என்று ஒரு பக்கம் திட்டுவார்கள், இஸ்லாத்தின் காவலர் என்று இன்னொரு பக்கம் கொண்டாடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கட்டியவை: நாடெங்கும் பள்ளிகள், இராணுவக் கல்லூரிகள், விரிந்து பரந்த தந்தி வலை. டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை 1908ல் முடிந்த ஹிஜாஸ் ரயில் பாதை ஐரோப்பியக் கடன் இல்லாமல், இந்திய முஸ்லிம்கள் அனுப்பிய நன்கொடையும் சேர்ந்து கட்டப்பட்டது. (1914ல் சென்னையைக் குண்டு போட்டுக் கலக்கிய எம்டன் கப்பலின் ஒரு குழு, கப்பல் அழிந்த பிறகு பாய்க்கப்பலில் தப்பி, ஏமன் வழியாகப் போய், கடைசியில் இதே ரயிலில் ஏறித்தான் வடக்கே போய் இஸ்தான்புல் சேர்ந்தது.) அவர் திறந்த அதே இராணுவப் பள்ளிகளில் படித்த இளம் அதிகாரிகள்தான் 1908ல் அவரைப் பணிய வைத்து அரசியலமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1909ல் அரியணையிலிருந்து இறக்கினார்கள். ஐக்கிய முன்னேற்றக் குழு என்பது அவர்களுடைய அமைப்பு. முஸ்தபா கெமாலும் அதில் இருந்தவர்தான், முன்வரிசையில் இல்லை, அவ்வளவே.

1912 அக்டோபரில் வெடித்த பால்கன் போரைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. நான் அதை இந்தக் கதையின் முதுகெலும்பு என்பேன். செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மாண்டினீக்ரோ நான்கும் சேர்ந்து தாக்கிய சில வாரங்களில், ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகளாக உதுமானியர் கையில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது, பல்கேரியப் படை இஸ்தான்புல்லின் வாசலில் சடால்ஜா வரை வந்து நின்றது. பேரரசின் வளமான மாகாணங்களும், படித்த வர்க்கம் பிறந்து வளர்ந்த ஊர்களும் அங்கேதான் இருந்தன. கெமால் பிறந்த சலோனிகா 1912 நவம்பரில் கிரேக்கர் கைக்குப் போனது, அவருடைய தாயும் தங்கையும் அகதிகளாக இஸ்தான்புல் வந்தார்கள். பின்னாளில் துருக்கிக் குடியரசை நடத்திய பலருக்குத் தாங்கள் பிறந்த ஊருக்கே திரும்பிப் போக வழியில்லை.

அகதிகள் அப்போது புதிதும் அல்ல. 1860களில் காகசஸிலிருந்து ரஷ்யா துரத்திய சர்க்கேசியர்கள், 1877-78ல் ரஷ்யாவோடு நடந்த போரில் பல்கேரியாவிலிருந்து ஓடிவந்தவர்கள், கிரிமியத் தாத்தார்கள் என்று லட்சக்கணக்கானோர் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவுக்குள் வந்து குடியேறிக்கொண்டே இருந்தார்கள். பால்கன் போரில் மேலும் பல லட்சம் பேர் மாட்டு வண்டிகளோடு வந்து பள்ளிவாசல் முற்றங்களில் தங்கினார்கள். டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் இந்தியாவிலிருந்து போன மருத்துவக் குழு அந்தக் காயங்களுக்குக் கட்டுப் போட்டது. பல மதத்தவரும் சேர்ந்து வாழும் உதுமானியக் குடியுரிமை என்ற கனவு இந்த முற்றங்களில் செத்தது. இனி எஞ்சியிருப்பது அனத்தோலியா ஒன்றுதான், அதையும் விட்டால் போக்கிடம் இல்லை என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தவர்களுக்குள் இறங்கியது. 1913 ஜனவரியில் ஆட்சியைப் பலவந்தமாகப் பிடித்த ஐக்கியக் குழுவின் என்வர், தலாத், ஜெமால் கூட்டம் அந்த எண்ணத்தோடுதான் 1914ல் ஜெர்மனி பக்கம் சேர்ந்து உலகப் போருக்குள் போனது.

அந்தப் பயத்தைச் சொல்வது அடுத்து நடந்ததற்கு மன்னிப்பு வாங்கிக்கொடுக்க அல்ல. 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய எழுத்தாளர்களும் தலைவர்களும் கைதானார்கள், மே மாதம் நாடு கடத்தும் சட்டம் வந்தது, குடும்பம் குடும்பமாக சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திக்கொண்டு போனார்கள். இறந்தவர்கள் 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். துருக்கி அரசு இன்றுவரை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்ளவில்லை, பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை இனப்படுகொலை என்றே சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். விடுதலைப் போரைப் படிக்கும்போது இதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கி வைக்கவும் முடியாது. ஆர்மீனியர் விட்டுப்போன வீடும் நிலமும் கடையும் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் பலர் கைக்கு மாறியிருந்தன. 1918ல் தோற்ற பிறகு உரியவர்கள் திரும்பி வந்து கேட்பார்கள், விசாரணை வரும் என்ற அச்சம் அவர்களில் பலரை எதிர்ப்பு இயக்கத்தின் பக்கம் தள்ளியது.

உலகப் போரின் மற்ற பகுதிகளை வேகமாகத் தாண்டுகிறேன். ரஷ்ய எல்லை அருகே சரிகாமிஷ் பனியில் பல்லாயிரம் வீரர்கள் உறைந்து செத்தார்கள். கலிப்போலியில் 1915ல் பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேசநாடுகளைத் தடுத்து நிறுத்தியதில் கெமாலுக்குப் பெயர் கிடைத்தது. 1916 ஏப்ரலில் ஈராக்கின் கூத் நகரில் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள். 1918 அக்டோபர் 30 அன்று முத்ரோஸில் போர்நிறுத்தம், இரண்டே வாரத்தில் நேசநாட்டுக் கப்பல்கள் இஸ்தான்புல்லில் நங்கூரம் போட்டன.

இப்போது சம்சூனுக்கு வரலாம். கெமால் அங்கே தப்பியோடி வரவில்லை, சுல்தான் வாகிதுத்தீனின் அரசு கொடுத்த ஒன்பதாவது படை ஆய்வாளர் பதவியோடு, அதிகாரக் கடிதத்தோடு வந்தார். நான்கு நாள் முன்னதாக, மே 15 அன்று, நேசநாடுகளின் சம்மதத்தோடு கிரேக்கப் படை மேற்குக் கரைத் துறைமுகமான இஸ்மிரில் இறங்கியிருந்தது, ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. பல நகரங்களில் உரிமைப் பாதுகாப்புச் சங்கங்களும் முன்பே அமைந்திருந்தன, பழைய ஐக்கியக் குழு ஆட்கள் இஸ்தான்புல்லிலிருந்து ஆயுதத்தையும் ஆட்களையும் இரகசியமாகக் கடத்திக்கொண்டிருந்தார்கள். கிழக்கே எர்சுரூமில் கராபெகிரின் பதினைந்தாவது படைப்பிரிவு கலைக்கப்படாமல் முழுசாக இருந்தது. ஜூலையில் கெமால் இராணுவத்திலிருந்தே விலக நேர்ந்து, அவரைக் கைது செய்யச் சொல்லி இஸ்தான்புல்லிலிருந்து உத்தரவு வந்தபோது, கராபெகிர் அதை நிறைவேற்றாமல் அவருக்கு சல்யூட் வைத்து, நானும் என் படையும் உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறோம் என்றார். அந்த ஒரு முடிவு வேறு மாதிரி போயிருந்தால் எதிர்ப்பு இயக்கத்தை ஒன்றிணைத்த எர்சுரூம், சிவாஸ் மாநாடுகளை கெமால் நடத்தியிருக்க மாட்டார்.

இந்த மாதங்களில் பெரிய ஆயுதம் தந்திதான். சுல்தான்கள் தங்கள் அதிகாரிகளைக் கண்காணிக்கப் போட்ட கம்பிகள் வழியாகவே மாநாட்டு அழைப்புகள், தீர்மானங்கள், எச்சரிக்கைகள் எல்லாம் பறந்தன. 1920 மார்ச் 16 அன்று பிரிட்டிஷ் படைகள் இஸ்தான்புல்லை முறையாக ஆக்கிரமித்தபோது ஹம்தி என்ற தந்தி ஊழியர் அந்தச் செய்தியை நிமிடத்துக்கு நிமிடம் அங்காராவுக்கு அடித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 23 அன்று அங்காராவில் தேசிய மன்றம் கூடியது. அது ஒரு வெள்ளிக்கிழமை, ஹாஜி பைராம் பள்ளிவாசல் தொழுகையோடுதான் தொடங்கினார்கள், சுல்தானையும் கலீபாவையும் அந்நியர் பிடியிலிருந்து மீட்பதே நோக்கம் என்று அறிவித்தார்கள். பின்னால் வந்த மதச்சார்பற்ற குடியரசை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டத்தைப் படித்தால் ஒன்றும் விளங்காது. இஸ்தான்புல்லின் தலைமை மதகுரு கெமால் தரப்பைக் கொல்லலாம் என்று ஃபத்வா கொடுக்க, அங்காரா முஃப்தி ரிஃபத் பதில் ஃபத்வா கொடுத்தார். மே மாதம் இஸ்தான்புல் நீதிமன்றம் கெமாலுக்கு மரண தண்டனை விதித்தது. விடுதலைப் போருக்குள் ஒரு உள்நாட்டுப் போரும் நடந்தது என்பதை விழா உரைகள் சொல்வதில்லை.

1920 ஆகஸ்ட் 10 அன்று சுல்தானின் அரசு நேசநாடுகளோடு கையெழுத்திட்ட செவ்ர் உடன்படிக்கை இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை மக்களுக்குத் தெளிவாக்கிவிட்டது. கிழக்கில் ஆர்மீனியா, தென்கிழக்கில் குர்திஸ்தானுக்குத் தன்னாட்சி, இஸ்மிர் கிரேக்கர் நிர்வாகத்தில், நீரிணைகள் சர்வதேச ஆணையத்திடம், நாட்டின் நிதி நேசநாடுகளின் பிடியில். எஞ்சியது நடு அனத்தோலியாவும் பெயரளவுக்கு இஸ்தான்புல்லும்.

அங்காரா ஒரே சமயத்தில் எல்லோரோடும் மோதவில்லை, அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். கிழக்கே கராபெகிர் 1920 இறுதியில் கார்ஸைப் பிடித்து ஆர்மீனியாவோடு கணக்கை முடித்தார், 1921 மார்ச்சில் சோவியத் ரஷ்யாவோடு உடன்படிக்கை, அதோடு தங்கமும் துப்பாக்கியும் வந்தன. பிரான்ஸ் தெற்கே சிலிசியாவில் அடிபட்டு 1921 அக்டோபரில் தனியாக ஒப்பந்தம் போட்டு விலகியது, இத்தாலியும் கிளம்பியது. கிரீஸில் மன்னர் அலெக்சாண்டர் குரங்கு கடித்து இறந்து, தேர்தலில் பிரதமர் வெனிசெலோஸ் தோற்று, நேசநாடுகளுக்குப் பிடிக்காத முன்னாள் மன்னர் கான்ஸ்டன்டைன் திரும்பி வந்ததும் கிரேக்கப் படைக்கு இருந்த வெளி ஆதரவும் வற்றியது.

ஆனாலும் 1921 கோடை கிட்டத்தட்ட முடிவுதான். கூத்தாயா, எஸ்கிஷெஹிர் தோல்விக்குப் பிறகு படை சகார்யா ஆற்றுக்குப் பின்னால் ஒதுங்கியது, மன்றத்தைக் கைசேரிக்கு மாற்றலாமா என்று பேசினார்கள். ஆகஸ்ட் 5 அன்று மூன்று மாதத்துக்கு மன்றத்தின் அதிகாரத்தோடு தலைமைத் தளபதியான கெமால் இரண்டு நாளில் பத்து உத்தரவுகள் போட்டார்: வீட்டுக்கு ஒரு செட் உள்ளாடை, ஒரு ஜோடி காலுறை, ஒரு ஜோடி செருப்பு, கடைக்காரர் கையிருப்பில் இருக்கும் துணி, தோல், கோதுமை, சோப்பு முதலியவற்றில் 40 சதவீதம், பணம் பிறகு. கருங்கடல் கரையில் இனெபோலுவில் இறங்கிய குண்டுகளை மலை தாண்டி அங்காராவுக்குக் கொண்டுபோன மாட்டு வண்டிகளை ஓட்டியவர்களில் பெண்கள் ஏராளம். ஆகஸ்ட் 23ல் தொடங்கி 22 நாள் நீடித்த சகார்யா சண்டையில் பீரங்கிச் சத்தம் அங்காராவிலேயே கேட்டது. கிரேக்கப் படை உடைந்து பின்வாங்கியது. ஓராண்டு தயாரிப்புக்குப் பிறகு 1922 ஆகஸ்ட் 26 அன்று பெருந்தாக்குதல், செப்டம்பர் 9 அன்று இஸ்மிர். நான்கு நாளில் அந்த நகரின் கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் எரிந்தன, துறைமுகக் கரையில் லட்சக்கணக்கானோர் கப்பலுக்காக நெருக்கியடித்து நின்றார்கள்.

நவம்பர் 1 அன்று சுல்தான் பதவி ஒழிந்தது, கலீபா பதவி மட்டும் மிஞ்சியது, அதே மாதம் 17 அன்று வாகிதுத்தீன் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிப் போனார். லோசானில் எட்டு மாதம் இழுத்த பேச்சில் துருக்கித் தரப்பின் இஸ்மத் பாஷா, காது கேட்காத குறையையும் ஆயுதமாக்கிக்கொண்டு, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சனின் நீண்ட பேச்சுகளுக்குப் பிறகும் ஆரம்பித்த இடத்திலேயே நின்றார். 1923 ஜூலை 24 அன்று கையெழுத்தான உடன்படிக்கையில் காபிட்டுலேஷன்கள் செத்தன. கடன் சாகவில்லை: பேரரசிலிருந்து பிரிந்த நாடுகளுக்கெல்லாம் பங்கு பிரித்ததில் துருக்கிக்கு விழுந்ததன் கடைசித் தவணையை அவர்கள் 1954ல்தான் கட்டினார்கள். மோசுல் மாகாணம் யாருக்கு என்பது தீராமல் தள்ளிவைக்கப்பட்டு 1926ல் ஈராக்குக்குப் போனது. குர்துகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதே மேசையில் மக்களையும் பரிமாறிக்கொண்டார்கள். அனத்தோலியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸின் முஸ்லிம்கள் துருக்கிக்கு, இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் முக்கிய விலக்கு. முன்பே ஓடிப்போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் பேர் அந்தப் பக்கம், 4 லட்சம் பேர் இந்தப் பக்கம். அளவுகோல் மதம் மட்டுமே, அதனால் துருக்கி மொழி தவிர வேறொன்றும் தெரியாத கரமான்லிக் கிறிஸ்தவர்கள் ஏதென்ஸ் பக்கம் போய் அந்நியர்களாக நின்றார்கள், கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் முஸ்லிம்கள் ஐவாலிக்கில் அதே நிலையில் நின்றார்கள். 1914ல் இன்றைய துருக்கி நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம் அல்லாதவர், 1927 கணக்கெடுப்பில் நாற்பதில் ஒருவர். அக்டோபர் 29 அன்று பிறந்த குடியரசு இந்த மக்கள்தொகையின் மேல்தான் கட்டப்பட்டது.

இந்தியாவில் அந்த ஆண்டுகளில், கலீபா பதவியைக் காக்கச் சொன்ன கிலாபத் இயக்கம் தெருவில் இருந்தது. சென்னையின் யாகூப் ஹசன் 1921ல் கோழிக்கோட்டில் கைதானது அதற்காகத்தான். இங்கிருந்து போன நிதியின் ஒரு பகுதி 1924ல் துருக்கியில் தொடங்கிய இஷ் வங்கிக்கு முதலாக ஆனது. கலீபா பதவியைக் காப்பாற்றச் சொல்லி இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் அமீர் அலியும் இஸ்மத் பாஷாவுக்கு எழுதிய கடிதம், அந்நியத் தலையீடு என்ற கோபத்தைக் கிளப்பி, 1924 மார்ச் 3ல் அந்தப் பதவியை ஒழிப்பதற்கே காரணம் காட்டப்பட்டது. நம் போராட்டத்தில் ஆளப்பட்டவர்கள் ஆண்டவர்களை எதிர்த்தார்கள், அங்கே ஒரு பேரரசின் அதிகாரிகள் எஞ்சியதைக் காப்பாற்ற எழுந்தார்கள், இந்த வித்தியாசம் அன்று இங்கே பலருக்குத் தெரியவில்லை.

படிக்க ஆரம்பிப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். குடும்பப் பெயர்கள் 1934ல்தான் வந்தன, அதனால் 1921 ஆவணத்தில் கெமாலை அத்தாதுர்க் என்றோ இஸ்மத்தை இனோனு என்றோ தேடாதீர்கள். தேதிகளில் உதுமானிய அரசு பயன்படுத்திய ரூமி நாட்காட்டி குழப்பும்: '31 மார்ச் கலகம்' நமக்கு 1909 ஏப்ரல் 13, '93 போர்' என்றால் 1877-78, 1335 என்று போட்டிருந்தால் 1919. எழுத்து 1928ல் மாறியதால் அதற்கு முந்தைய பத்திரிகைகளை இன்றைய துருக்கியர்களே பயிற்சி இல்லாமல் வாசிக்க முடியாது. முக்கியமாக, இஸ்மிரின் 1922 செப்டம்பரைத் துருக்கித் தரப்பில் ஒன்றும் கிரேக்கத் தரப்பில் ஒன்றுமாக, ஒரே வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் அது விடுதலை நாள், மற்றதில் பேரழிவு. இரண்டிலும் வரும் தெருக்களும் தேதிகளும் ஒன்றேதான்.